மஞ்சள் இலை சொல்லும் செய்தி



2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது நம் மதுரை மல்லி. அதனை வீட்டுத் தாழ்வாரத்தில் தொட்டியில் வளர்ப்போர் நம்மில் பலர். இலை மஞ்சளானதும் கைநிறைய உரத்தைக் கொட்டுகிறோம். செடியோ மேலும் வாடுகிறது. ஏன்? எந்த இலை முதலில் வெளுத்தது என்று நாம் பார்க்கவில்லை!

தழைச்சத்து செடிக்குள் இடம் பெயரக் கூடியது. அது குறைந்தால், தாய் தன் பங்கைப் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல, முதிர்ந்த இலைகள் தம்மிடமுள்ளதைத் தளிர்களுக்குக் கொடுத்துவிடும். ஆகவே அடியிலைகள் முதலில் வெளுக்கும். கடலைப் பிண்ணாக்கு ஊறிய நீரைத் தெளியவைத்து ஊற்றினால் செடி தேறும்.

இரும்புச்சத்து அவ்வாறு எளிதில் இடம் பெயராது. அது குறைந்தால் தளிர்களே முதலில் வெளுக்கும். நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும், உப்பு மிகுந்த கிணற்று நீர் ஊற்றும் தொட்டியிலும் இக்குறை தோன்றும். மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிட்டாது. இதற்குச் சாம்பல் இடுவது தவறு. அது மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். அன்னபேதி உப்பு 5 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, மாலை வேளையில் இலைகளில் தெளிக்க வேண்டும். புதுத் தளிர் பச்சையாக வந்தால் குறை நீங்கியது எனலாம்.

தொட்டியின் அடித்துளை அடைபட்டு நீர் தேங்கினாலும் இலை வெளுக்கும். எனவே முதலில் அதனைச் சோதியுங்கள்.

குறை இன்னதென அறிந்து கொடுப்பதே உண்மையான உதவி. இது செடிக்கு மட்டுமா பொருந்தும்?