மதிலைக் கறுக்க வைப்பது யார்?

கேள்வி: எங்கள் பழைய சுண்ணாம்புக்கல் மதிலை எத்தனை தரம் தேய்த்துக் கழுவினாலும் மறுபடி கறுக்கிறதே, ஏன்? (வாசகர், பண்டத்தரிப்பு)

பதில்: மழைநீர் வழிகிற கோட்டில் கறுத்தால் பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. வெயில் காயும் கல்லில் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருந்தால், கறுப்புப் பங்கசைச் சந்தேகிக்கலாம்.

அது பாணில் பூக்கும் பூஞ்சணம் மாதிரி இழைவிட்டு ஓடுவதில்லை. தடித்த சுவருள்ள கலங்கள் கொத்தாக, ஆறுதலாகப் பெருகும். கறுப்புக்குக் காரணம் மெலனின். புறஊதாக் கதிரை அது தாங்கிக்கொள்ளும். சாப்பாடு? காற்றில் வரும் தூசி, மகரந்தம், பக்கத்துப் பாசி கசியவிடும் சர்க்கரை. யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லோ துளைகள் நிறைந்தது. உள்ளே இறங்கிய கலங்களைத் தூரிகை எட்டாது. கம்பித் தூரிகை கல்லைச் சுரண்டி அவற்றுக்கு இன்னும் இடம் செய்து கொடுக்கும்.

சரியான பிடிவாதக்காரர்! அந்தாட்டிக்காப் பாறையில் வாழும் கிரையோமைசிஸ் என்ற உறவுக்காரரை 2008இல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் பொருத்தி, ஏறத்தாழ 18 மாதம் விட்டுவைத்தார்கள். திரும்பி வந்தபோது ஒரு பகுதிக் கலங்கள் உயிரோடுதான் இருந்தன.