அறிதுயில் வைத்தியரைத் தெரிந்து தெளிதல்

கிரேக்க மொழியில் 'ஹிப்னாஸ்' என்பது உறக்கத்தைக் குறிக்கும். அச்சொல்லினின்று பிறந்த ஹிப்னாடிஸம் என்னும் பெயரை, மான்செஸ்டர் நகரத்து ரணவைத்தியராகிய ஜேம்ஸ் பிரெய்டு என்பார் 1843-ஆம் ஆண்டில் தாம் வெளியிட்ட நூலால் வழக்கிற் பரப்பினார். பின்னர் அது மெய்யான உறக்கமன்றெனக் கண்டு அப்பெயரை மாற்றவும் முயன்றார், உலகம் இசையவில்லை. அரவணைமேற் பள்ளிகொண்ட திருமாலின் துயிலுக்கு நம் முன்னோர் வழங்கிய 'அறிதுயில்' என்னும் சொல் அவர் செவிக்கு எட்டியிருப்பின் மகிழ்ந்து மேற்கொண்டிருப்பாரென்றே தமிழ் மாணாக்கனாகிய யான் எண்ணுகின்றேன். துயில்வது போன்றிருந்தும் அறிவு நீங்காத நிலை அது. அந்நிலையிலுள்ளவன் சூழ நிகழ்வதை அறிவான். ஒவ்வாததை மறுக்கவும் வல்லவன். ஆயினும் பிறர் சொல்லை ஏற்கும் இசைவு அவன்பால் மிகுந்திருக்கும். ஆதலின், அச்சொல்லைச் சொல்பவர் யாவர் என்னும் வினாவே இங்குத் தலையாயதாகின்றது.

இவ்வினாவை யான் ஏட்டினின்று கற்கவில்லை. என் தாய்மாமன் தலைவலியால் நெடுநாள் வருந்தினார். மாலைப்பொழுதில் வலக்கண்ணின்மேல் வலி எழும். விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தோன்றுகிறதென்றும் சொல்வார். எவரோ சொல்லக் கேட்டு அறிதுயில் நிலையம் ஒன்றிற்குச் சென்றோம். சுவர் நிறையக் கண்ணாடியிட்ட சான்றிதழ்கள்! அவற்றுள் மருத்துவப் பட்டம் ஒன்றேனும் இல்லையென்பதை நாங்கள் பின்னரே படித்தறிந்தோம். இதற்குமுன் எந்த வைத்தியரிடம் காட்டினீர் என்று அவ்வன்பர் மாமாவை ஒரு சொல்லும் வினவவில்லை. மூன்று அமர்வுகளில் வலி நீங்கிற்று. ஆம், மெய்யாகவே நீங்கிற்று. அவருடைய வித்தை பொய்யன்று. ஆறு திங்கள் கழித்துப் பார்வை மங்கவே கண் வைத்தியரிடம் ஓடினோம். கண்ணினுள் நீரழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு கெட்டதென்றும், போன பார்வை மீளாதென்றும் அவர் உரைத்தார். இன்று மாமா வலக்கண்ணாற் செய்தித்தாளின் பெரிய தலைப்புக்களை மட்டுமே படிக்கின்றார். வலி அவர்க்கு வாயிற்காவலனாய் இருந்தது. அக்காவலனை நாங்கள் உறங்கவைத்துவிட்டோம்.

ஆகவே, அறிதுயில் வைத்தியரென்று ஒருவரைச் சொல்லக் கேட்டால் யான் முதற்கண் எண்ணுவது இது: அறிதுயில் என்பதே இல்லையாயின் இந்நோய்க்கு இவர் யாது செய்வார்? செய்யத்தக்கது ஒன்றுமில்லையெனின் அவரிடம் நோயை ஒப்புவித்தல் தகாது. அறிதுயில் ஒரு கருவியே. தொழில் அதற்குப் புறம்பாக இருத்தல் வேண்டும்.

வங்காளத்து ஹூக்ளியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரணவைத்தியராயிருந்த ஜேம்ஸ் எஸ்டேல் என்பாரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாம். மயக்கமருந்து இந்நாட்டிற்கு வராத 1845-ஆம் ஆண்டில், அவர் மெஸ்மரிஸ முறையால் நோயாளரின் உணர்வை ஒடுக்கி, ரணசிகிச்சை செய்யத் தொடங்கினார். உடலின்மேற் கைகளை மணிக்கணக்காக அசைக்கும் வேலையைத் தம் உதவியாளரிடம் விட்டுத் தாம் கத்தியை எடுத்தார். இடையில் நோயாளி விழித்துக்கொண்டாலும் அறுக்கவும் தைக்கவும் அறிந்த கை அவருடையது. அன்றியும், 1846-இல் அரசாங்கம் அமர்த்திய குழுவினர் காணத் தம் முறையைச் செய்துகாட்ட அவர் பின்வாங்கவில்லை. அம்முறைக்குத் தம் பெயரைத் தந்த மெஸ்மரோ, 1784-இல் பிராங்க்ளினும் லவாய்சியரும் அமர்ந்த பிரெஞ்சுக் குழுவின் சோதனைக்கு உடன்படவில்லை. அவர் மாணாக்கராகிய டெஸ்லோனையே அக்குழு சோதித்தது. சோதனைக்கு நிற்பவரும் நில்லாதவரும் இருவகையர் என்பதை அன்றே கண்டோம்.

இந்தியாவில் அறிதுயில் வைத்தியர்க்கெனச் சட்டத்தால் அமைந்த தனிப் பதிவேடு இல்லை, இங்கிலாந்திலும் அவ்வாறே. எனவே அப்பெயரை விட்டு, அதன் பின்னுள்ள தொழிலைப் பார்த்தல் வேண்டும். மனநோய் வைத்தியராயின் மருத்துவக் கவுன்சிலின் பதிவெண் அவரிடம் இருக்கும். மருத்துவ உளவியலாளராயின், 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருத்தல் வேண்டும். எண்ணைக் கேட்டால் சினப்பவரிடம் மேலும் கேட்க ஒன்றுமில்லை. பல் வைத்தியர் தம் நாற்காலியில் அஞ்சி நடுங்குவோனை அறிதுயிலால் அமைதிப்படுத்தலாம். அவரே மனச்சோர்வை நீக்கப் புகுவாராயின் அது எல்லை கடத்தலாகும்.

மறந்த நினைவை மீட்பேன், முற்பிறவியைக் காட்டுவேன் என்பாரிடத்து மிக எச்சரிக்கை வேண்டும். அறிதுயிலில் எழும் நினைவுகள் இயல்பான நினைவினும் நம்பத்தக்கவையல்ல என்றும், அவற்றிற் கற்பனை கலத்தல் கூடுமென்றும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு 1985-இல் அறிவித்தது. கொடுமை யாதெனில், அக்கற்பனையை நோயாளி முன்னினும் உறுதியாக நம்பத் தலைப்படுவதே.

இவ்வளவும் கூறியதால் இவ்வைத்தியத்தை யான் இகழ்வதாகக் கொள்ளற்க. பிரெய்டு வாழ்ந்த அதே மான்செஸ்டரில், குடல் வைத்திய நிபுணராகிய வொர்வெல் என்பார், வயிற்றுவலியும் உப்புசமும் ஓயாது வருத்தும் குடற்கோளாறுடைய 30 பேரை இரு கூறாக்கிச் சிகிச்சை செய்து, அறிதுயில் பெற்றோரே மிகுந்த நலமுற்றனரென 1984-இல் வெளியிட்டார். அவர் முதலிற் குடலை அறிந்தவர் என்பதை நோக்குக.

சென்ற ஆண்டு மாமாவின் மகள் தேர்வச்சத்தால் உறக்கமின்றி மெலிந்தாள். இம்முறை மாமாவே எங்களை அழைத்துச் சென்றார். அம்மையார் ஒரு மருத்துவ உளவியலாளர். மாமா நின்றவாறே பதிவெண்ணைக் கேட்டார், சொன்னார்கள். பெண்ணுடன் தாயும் அறையில் இருக்கலாமா என்றார், இருக்கலாம் என்றார்கள். எத்தனை அமர்வில் முற்றும் தீருமென்றார்.

"ஐயா, அதனை இன்றே சொல்ல இயலாது. முதலில் இவள் உடலை ஒரு வைத்தியர் பார்த்தல் வேண்டும். இவளுக்கு அறிதுயிலே வேண்டாமலும் போகலாம்" என்றார்கள்.

அதன் பின்னரே மாமா நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார்.