கீசரைத் தாங்குறது போல்ட்டா, சுவரா?

போன செமஸ்டர் லீவுல எங்க வீட்டு பாத்ரூமை இடிச்சுப் புதுசா கட்டினோம். டைல்ஸ் ஒட்டி முடிச்சாச்சு. 25 லிட்டர் கீசரை மாட்ட பிளம்பர் அண்ணன் வந்தார். முதல் ஓட்டை போடும்போது ட்ரில் பிட் கொஞ்ச தூரம் முக்கி முக்கிப் போய், திடீர்னு பொத்துன்னு உள்ளே விழுந்துச்சு. "ஹாலோ பிளாக் தம்பி, நீளமான போல்ட்டா போட்டுக்கலாம்"னார். அந்த இடத்துக்குக் கீழதான் எங்க பாட்டி ஸ்டூல் போட்டுக் குளிப்பாங்க. கொஞ்சம் நிறுத்தச் சொல்லிட்டு, ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸை நோட்ல எழுத ஆரம்பிச்சேன்.

தண்ணி 25 கிலோ, காலி டேங்க் சுமார் 10 கிலோ. ஆக 343 நியூட்டன். இது கீழே மட்டும் இழுக்கலை. எடை மையம் சுவரிலிருந்து சுமார் 20 செ.மீ. தள்ளி இருக்கறதால, மேல் போல்ட்டை வெளியே பிடுங்கப் பார்க்கும், கீசரோட அடிப்பகுதியைச் சுவர்ல அழுத்தும். ரெண்டுக்கும் நடுவுல 30 செ.மீ.ன்னு வச்சுக்கோங்க. 343 × 0.20 = 68.6 நியூட்டன் மீட்டர். அதை 0.30-ஆல் வகுத்தா 229 நியூட்டன். மேலே ரெண்டு போல்ட், அதனால ஒண்ணுக்கு 12 கிலோ கூட வராது. 10 மி.மீ. இரும்பு போல்ட்டுக்கு இதெல்லாம் தூசு. அது எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுங்கறதுதான் பிரச்சனை.

ஆங்கர் போல்ட்டை முறுக்கும்போது அதோட உறை உள் முனையில விரியும். செங்கல், கான்கிரீட்டுன்னா விரிஞ்ச உறை ஓட்டையை நெருக்கும், அந்த உராய்வுதான் பிடி. ஹாலோ பிளாக்ல வெளி ஓடு சுமார் ஒரு இன்ச்தான். நீளமான போல்ட் போட்டா முனை இன்னும் உள்ளே போய்க் காத்துல விரியும், அவ்ளோதான்! டைலையும் பூச்சையும் பலம்னு கணக்குல சேர்க்கவே கூடாது. ஏஏசி பிளாக்ல இந்த மாதிரி பெரிய ஓட்டை கிடையாது, ஆனா கல்லே மெத்துனு இருக்கும், விரியற உறை அதை நொறுக்கிடும். ட்ரில் தூளைப் பாருங்க: சிவப்புன்னா செங்கல், மாவு மாதிரி வெளுப்பா சுலபமா கொட்டினா ஏஏசி.

சுவரை முழுசா துளைச்சு, பின்பக்கம் இரும்புத் தகடு வச்சு முடுக்கறது ஒரு வழி. பின்பக்கம் எங்க ஹால், அம்மா ஒத்துக்கலை. கடைசியில ரெண்டு டைலை உடைச்சு, பிளாக்கோட முகத்தைத் திறந்து, கீழே இறங்காம இருக்க செங்கல் துண்டை அடைச்சு, சிப்ஸ் ஜல்லி கான்கிரீட் நிரப்பினோம். ஏழு நாள் க்யூரிங். அதுவரைக்கும் பாட்டிக்கு அடுப்புல வெந்நீர். டைல்ஸுக்கு முன்னாடியே செஞ்சிருக்கணும். அதே டிசைன் கடையில கிடைக்கலை, இப்போ கீசருக்குப் பின்னாடி மட்டும் வேற கலர். அப்பா இன்னும் சொல்லிக் காட்டறார்.

இன்னொண்ணு: 25 லிட்டர் தண்ணி 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குச் சூடானா அரை லிட்டருக்கு மேல விரியும். சேஃப்டி வால்வ் சொட்டுதுன்னு யாராச்சும் அடைக்க வந்தா விடாதீங்க.

மாட்டின பிறகு தண்ணி நிரப்பி, கீசரோட விளிம்பை ஒட்டி டைல் மேல பென்சில் கோடு போட்டு ஒரு நாள் விட்டோம். மறுநாள் கோடு போட்ட இடத்துலயே இருந்துச்சு. அப்புறம்தான் பாட்டியோட ஸ்டூல் உள்ளே போச்சு.