எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் உடலிலுள்ள உலோகமும்

நம் கடம்பூர்ப் பக்கத்திலிருந்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கத் திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் பலர் போய் வருகிறார்கள். அங்குள்ள காந்தம் இரும்பை இழுத்துவிடும் என்பதை யாவரும் அறிவர். 2018இல் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்ஸிஜன் சிலிண்டருடன் ஸ்கேன் அறைக்குள் சென்ற ஒருவர் அப்படி இழுக்கப்பட்டு உயிரிழந்தார். ஆனால் காந்தம் இழுக்காத உலோகத்தாலும் ஓர் ஆபத்து உண்டு. அதுதான் சூடு. அதைப் பற்றி இங்கே காண்போம்.

ஸ்கேன் கருவியில் காந்தத்தோடு வானொலி அலைகளும் வேலை செய்கின்றன. 1.5 டெஸ்லா கருவியில் அவற்றின் அதிர்வெண் ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ். 3 டெஸ்லா கருவியில் 128 மெகாஹெர்ட்ஸ். நாம் கேட்கும் பண்பலை வானொலி 88 முதல் 108 வரை, இவ்விரண்டுக்கும் நடுவே அமைந்துள்ளது. வானொலிப் பெட்டியின் ஏரியல் அலையை வாங்கி மின்னோட்டமாக மாற்றுகிறது அல்லவா? உடலுக்குள் இருக்கும் நீண்ட கம்பியும் அவ்வாறே ஏரியலாகிவிடுகிறது. அம்மின்னோட்டம் கம்பியின் நுனியில் தசைக்குள் பாய, அவ்விடம் சூடேறுகிறது.

64 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் உடலுக்குள் சுமார் அரை மீட்டர். அதில் பாதியளவு, அதாவது 25 சென்டிமீட்டர் அளவுள்ள கம்பி மிகுதியாகச் சூடேறக்கூடும். ஆகவே எலும்பிலுள்ள சிறு திருகாணியைவிட, இதயத்தைத் தொடும் பேஸ்மேக்கர் கம்பியே கூடுதல் கவனத்துக்குரியது. பேஸ்மேக்கரை எடுத்தபின் உள்ளே விட்டுவைத்த பழைய கம்பிக்கும் இது பொருந்தும். தோலின் மேல் சுருண்டு கிடக்கும் ஈ.சி.ஜி. ஒயரும், உலோக இழையுள்ள ஜரிகைத் துணியும்கூடச் சுடலாம்.

அப்படியானால் உலோகம் உள்ளவர்கள் ஸ்கேன் எடுக்கவே கூடாதா? அப்படியன்று. மருத்துவச் சாதனங்களைப் பாதுகாப்பானவை, நிபந்தனையுடன் பாதுகாப்பானவை, ஆகாதவை என மூவகையாகப் பிரித்துள்ளனர். இன்றைய பேஸ்மேக்கர்களில் பல இரண்டாம் வகை. எத்தனை டெஸ்லா, அலையின் ஆற்றல் எவ்வளவு என்ற நிபந்தனைகளைச் சாதனத்தின் பெயரையும் மாடல் எண்ணையும் கொண்டே அறிய முடியும். அவை அறுவை சிகிச்சையின்போது தரப்படும் அட்டையில் இருக்கும்.

பல வீடுகளில் அந்த அட்டை பழைய மாத்திரைச் சீட்டுகளோடு தொலைந்துபோகிறது. தாத்தா பாட்டிக்கோ, 'எப்போதோ ஒரு ஆபரேஷன்' என்பது மட்டுமே நினைவிருக்கும். இங்கேதான் படித்த பெண்பிள்ளைகளாகிய நமக்கு வேலை இருக்கிறது. அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவோம். ஸ்கேனுக்குப் போகும்போது கையோடு கொண்டுசென்று காட்டுவோம். மெட்டி, வளையல், கொண்டை ஊசி அனைத்தையும் கழற்றச் செய்வோம். ஸ்கேனின்போது உடலில் எங்கேனும் சுட்டால், கையில் தந்துள்ள பந்தை உடனே அழுத்தும்படி முன்கூட்டியே சொல்லிவைப்போம்.