இதயக் குழாயில் லீக்: கேத் லேப்ல என்ன பண்ணுவாங்க?

சானமாவு, சூளகிரி பக்கம் யாருக்காவது நெஞ்சு வலி வந்தா, ஓசூருக்கோ பெங்களூருக்கோதான் ஓடுவோம். ஆஞ்சியோபிளாஸ்டிக்கு முன்னாடி அங்க ஒரு ஒப்புதல் படிவம் நீட்டுவாங்க. அதுல சொல்ற ஆபத்துகள்ல ஒண்ணு, ரத்தக்குழாயில் துளை விழலாம்ங்கறது. அப்பாவுக்காகக் கையெழுத்துப் போடப்போறது நீங்களா இருந்தா, இதைப் புரிஞ்சுக்கிட்டுப் போடுங்க.

1977ல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக் இந்தச் சிகிச்சையைத் தொடங்கினார். அவரிடம் பயின்ற டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல் 1986ல் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்.

துளை ஏன் விழுது?
இதயக் குழாயின் விட்டம் சுமார் 3 மி.மீ. அதுக்குள்ள பலூனை 12 முதல் 16 வளிமண்டல அழுத்தம் வரை ஊதுவாங்க. 14ன்னு வெச்சுக்கிட்டா, ஏறக்குறைய 200 பிஎஸ்ஐ. கார் டயர்ல இருக்கறதைவிட ஆறு மடங்கு! சுவரில் கால்சியம் படிஞ்சு இறுகியிருந்தாலோ, பலூன் அளவு பெருசா இருந்தாலோ சுவர் கிழியலாம். 0.36 மி.மீ. தடிமனுள்ள கைடு வயரின் நுனியும் குத்தலாம்.

1994ல் எல்லிஸ் குழு இதை மூணு வகையா பிரிச்சாங்க. முதல் வகையில் ரத்தம் வெளியே கசியாது. இரண்டாவதில் மெல்லக் கசியும். மூணாவதில் பீய்ச்சி அடிக்கும். அவங்க ஆய்வில் துளை விழுந்தது சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான்.

உண்மையான ஆபத்து எது?
ரத்த இழப்பைவிட, ரத்தம் போய்ச் சேரும் இடம்தான் பிரச்சனை. இதயத்தைச் சுத்தியிருக்கற உறை சட்டுனு விரியாது. 150, 200 மி.லி. வேகமா நிரம்பினாலே வெளி அழுத்தம் ஏறி, இதயம் விரிய முடியாம போகும். பம்ப் நல்லா இருக்கு, ஆனா உள்ளே ரத்தம் வர வழியில்லை. பிபி சரியும்.

சிகிச்சை வரிசை
1. துளை மேலயோ அதுக்குச் சற்று முன்னாடியோ பலூனைக் குறைந்த அழுத்தத்தில் ஊதி அடைப்பாங்க. பைப் லீக் ஆனா முதல்ல வால்வை மூடற மாதிரி.
2. எக்கோ பார்த்து, உறையில் ரத்தம் நிரம்பியிருந்தா ஊசி வழியா ட்யூப் போட்டு வெளியேத்துவாங்க.
3. பலூனுக்கு அடங்கலைன்னா, பாலிமர் உறை போர்த்திய கவர்டு ஸ்டென்ட். நுனிக் குழாய்ல துளைன்னா குட்டிக் காயில் வெச்சு அடைப்பாங்க.
4. எதுக்கும் அடங்கலைன்னா அறுவை சிகிச்சை.

ஒவ்வொண்ணுக்கும் ஒரு விலை உண்டு. பலூனை ரொம்ப நேரம் ஊதி வெச்சா அந்தப் பகுதித் தசைக்கு ரத்தம் போகாது. கவர்டு ஸ்டென்ட் பக்கக் கிளையையும் மூடிடும். ரத்தம் உறையாம இருக்கக் கொடுத்த ஹெப்பாரினை புரோட்டமின் முறிக்கும். ஆனா வயர் உள்ளே இருக்கும்போதே அவசரப்பட்டுக் கொடுத்தா, குழாய்க்குள்ளேயே ரத்தம் கட்டிக்கலாம்.

வயர் குத்தின சின்னத் துளை சில மணி நேரம் கழிச்சும் தொந்தரவு தரலாம். அதனால சிகிச்சை முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி தலைசுத்தல், மூச்சுத்திணறல், பிபி சரிவு இருந்தா உடனே நர்ஸைக் கூப்பிடுங்க. கையெழுத்துப் போடும் முன்னாடி, "இங்க கவர்டு ஸ்டென்ட் இருக்கா? அவசர இதய அறுவை வசதி இருக்கா?"ன்னு கேளுங்க. ஹார்ட் அட்டாக்னா மட்டும் கேள்வியைச் சுருக்கிடுங்க. அங்க இந்தத் துளையைவிட, தாமதம்தான் பெரிய ஆபத்து.