கபாலா படிக்கப் போகிறீர்களா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மணிக்கட்டில் சிவப்புக் கயிறு, கழுத்தில் எபிரேய எழுத்துப் பதக்கம், பிறந்த தேதிக்குப் பலன்: கபாலா என்ற பெயரில் இன்று சந்தையில் கிடைப்பவை இவை. உண்மையில் அது 800 ஆண்டுகளுக்கும் மேலாக யூத மதத்துக்குள் வளர்ந்த மறைஞான மரபு. எல்லையற்ற கடவுளுக்கும் குறைபட்ட இந்த உலகத்துக்கும் என்ன உறவு என்பதே அதன் மையக் கேள்வி. புதிதாகப் படிக்க வருபவர்களுக்குச் சில குறிப்புகள்.

செய்ய வேண்டியவை

1. காலவரிசையோடு தொடங்குங்கள். கபாலாவுக்கு முன்பே யூத மறைஞானம் உண்டு. எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட தேர்க் காட்சியைத் தியானித்து, விண்ணுலக அரண்மனைகளுக்குள் நுழைய முயன்றவர்கள் ‘மெர்க்காவா’ மரபினர். 10 செஃபிரோத், 22 எபிரேய எழுத்துகள் ஆகியவற்றைக் கொண்டே உலகம் படைக்கப்பட்டது என்கிறது ‘செஃபெர் யெட்சிரா’ என்ற சிறு நூல். கபாலா என்று நாம் அறியும் மரபு 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெற்கு பிரான்சில் உருவாகி, ஸ்பெயினின் ஜெரோனாவுக்கும் காஸ்டீலுக்கும் பரவியது.

2. செஃபிரோத்தின் உறவுகளைக் கவனியுங்கள். அறிவுக்கு எட்டாத இறைநிலை ‘ஐன் சோஃப்’. அது தன்னை வெளிப்படுத்தும் பத்து நிலைகளே செஃபிரோத். பெயர்களை ஒப்பித்தால் போதாது. வலப்பக்கத்து ஹெசெத் அள்ளிக் கொடுக்கும் அருள். இடப்பக்கத்து கெவுரா எல்லை வகுக்கும் நீதி. இரண்டும் சமன்படும் இடம் நடுவிலுள்ள திஃபெரெத். பத்தாவதான மல்குத், ஷெக்கினா எனப்படும் இறைப்பிரசன்னம். அதைப் பெண்ணாகவே உருவகிக்கிறார்கள். மனிதரின் நற்செயல் இந்த நிலைகளை இணைக்கிறது, பாவம் பிரிக்கிறது என்பது கபாலாவின் துணிச்சலான கருத்து.

3. கபாலாவின் மைய நூலான சோஹர் யாருடையது என்ற வழக்கை அறியுங்கள். 2ஆம் நூற்றாண்டு ரபி ஷிமோன் பார் யோகாயின் உபதேசம் என்கிறது மரபு. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காஸ்டீலில் மோசே தெ லெயோனும் அவரைச் சூழ்ந்தவர்களும் எழுதியது என்கிறார்கள் ஆய்வாளர்கள். தெ லெயோன் 1305இல் இறந்த சமயம், மூல ஏட்டைத் தேடிப் போனார் ஆக்ரே நகரத்து ஐசக். அப்படி ஓர் ஏடே கிடையாது, தன் கணவர் சொந்தமாக எழுதியதுதான் என்று தெ லெயோனின் மனைவி சொன்னதாக ஐசக்கின் காதுக்கு எட்டியது.

4. சஃபேதில் சற்று நில்லுங்கள். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களில் பலருக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் புகலிடமானது கலிலேயாவின் இந்த மலையூர். மோசே கோர்தவேரோ பழைய கருத்துகளை ஒழுங்குபடுத்தியது இங்கேதான். 1570இல் வந்த ஐசக் லூரியா 1572இல் கொள்ளைநோயில் இறந்தார். அவர் அதிகம் எழுதவில்லை. அவர் போதனையைச் சீடர் ஹயீம் வித்தால் எழுதிவைத்தார். உலகுக்கு இடம்விடக் கடவுள் தன்னைச் சுருக்கிக்கொண்டார். இறையொளியைத் தாங்க முடியாமல் கலங்கள் உடைந்தன. சிதறிய பொறிகளை மீட்டுச் சீராக்குவது மனிதர் கடமை. சிம்சும், ஷெவிரா, திக்குன் என்னும் இந்த மூன்றும் லூரியாவின் போதனையின் சாரம்.

செய்யக்கூடாதவை

1. யூத வேதமும் சட்டமுமான தோராவைத் தள்ளிவிட்டுப் படிக்காதீர்கள். யூதச் சட்டத் தொகுப்பான ‘ஷுல்ஹான் ஆருக்’கைத் தந்த யோசேஃப் காரோ சஃபேதில் வாழ்ந்தவர்; தன்னிடம் பேசிய விண்ணுலகக் குரலை நாட்குறிப்பாக எழுதியவரும் அவரே. சட்டமும் மறைஞானமும் ஒரே ஆளிடம் குடியிருந்தன.

2. எழுத்தெண் கணக்கை ஜோசியமாக்காதீர்கள். எபிரேயத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ‘ஒன்று’ எனப் பொருள்படும் எஹாத் 1+8+4=13. ‘அன்பு’ எனப் பொருள்படும் அஹவா 1+5+2+5=13. இரண்டையும் கூட்டினால் 26; கடவுளின் நான்கெழுத்துத் திருப்பெயரின் தொகையும் 10+5+6+5=26. வேதத்தைத் துருவிப் பார்க்கும் வழி இது. பெயர் மாற்றினால் யோகம் வரும் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

3. டாரோ சீட்டோடு குழப்பாதீர்கள். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் பீக்கோ தெல்லா மிரண்டோலா கபாலாவைக் கிறிஸ்தவத்துக்கு ஆதாரமாக்க முயன்றார். டாரோவோடு அதை முடிச்சுப்போட்டுப் பரப்பியவர்களில் முக்கியமானவர் 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மாந்திரீகர் எலிஃபாஸ் லெவி. இவற்றுக்கும் தனி வரலாறு உண்டு, ஆனால் அது வேறு பாதை.

4. பத்தை ஏழோடு பொருத்தாதீர்கள். பத்து செஃபிரோத்தை நம் யோக நூல்களின் ஏழு சக்கரங்களோடு இணைத்துப் படம் போடுவது எளிது. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பிறந்தவை.

5. கபாலா படிக்க வயது வரம்பு சொல்லும் எச்சரிக்கைகளைக் கேலி செய்யாதீர்கள். கபாலாவின் கருத்துகளை ஆதாரமாகக் காட்டி 1665இல் மேசியா என்று அறிவிக்கப்பட்ட சப்பத்தாய் செவியின் பின்னே யூத உலகின் பெரும்பகுதி திரண்டது. மறு ஆண்டே அவர் இஸ்லாத்துக்கு மாறினார். அந்த அடியின் தொடர்ச்சியாக, 1756இல் பிரோடி நகர ரபிகள் சோஹருக்கு 30, லூரியாவின் நூல்களுக்கு 40 என வயது வரம்பு விதித்தார்கள். அதை ஆதிகால விதி என்றும் எண்ணாதீர்கள்: லூரியாவே 38 வயதில் இறந்துவிட்டார்.

முதல் நூலாக கெர்ஷோம் ஷோலெம் 1941இல் வெளியிட்ட யூத மறைஞான வரலாற்றை எடுங்கள். அவரோடு பல இடங்களில் முரண்படும் மோஷே இதெலை அடுத்துப் படியுங்கள். சோஹரை அதற்குப் பிறகு திறக்கலாம். ஒரு வார வகுப்பில் ரகசியம் முழுவதையும் சொல்லித் தருவதாகக் கட்டணம் கேட்பவரிடம் மட்டும் போய் நிற்காதீர்கள்.