புதிதாக லைன் பார்க்க வந்தவர்களுக்கு

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் டெய்லராகவோ செக்கிங்கிலோ தொடங்கி, இப்போது சூப்பர்வைசராகவும் புரொடக்‌ஷன் மேனேஜராகவும் பொறுப்பேற்கும் தம்பி, தங்கைகள் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: ஆளைப் பார்ப்பதா, பீஸைப் பார்ப்பதா? இரண்டையும் பிரிக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

1. குரலை உயர்த்துமுன் கடிகாரத்தை எடுங்கள். தோள் சேர்ப்பவருக்கு ஒரு பீஸுக்கு 25 நொடி ஆகிறது என்றால் மணிக்கு 144 பீஸ். கழுத்துப் பட்டி வைப்பவருக்கு 40 நொடி என்றால் 90தான். மற்றவர்கள் எவ்வளவு பறந்தாலும் லைனின் கடைசியில் வந்து விழுவது 90. மிச்சமெல்லாம் பட்டி வைப்பவரின் காலடியில் பண்டல் பண்டலாகக் குவியும். அந்தக் குவியலைப் பார்த்து அவரையே திட்டுவார்கள். பட்டி வைப்பது இயல்பிலேயே நேரம் பிடிக்கிற வேலை. இழுவை ஒரே சீராக வராவிட்டால் கழுத்து சுருங்கிப் போகும். வேகமான டெய்லர் ஒருவரைப் பக்கத்து மெஷினில் உட்கார வைத்து, அதே வேலையில் பாதியைக் கொடுங்கள். அதே ஆட்களை வைத்தே பீஸ் கூடும். திட்டினால் கூடுவது பிரித்துத் தைக்க வேண்டிய ஆல்ட்டர் மட்டும்தான்.

2. "ஏன் லேட்?" என்று கேட்காதீர்கள். "எது தடுக்குதுங்க?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குச் சாக்குதான் பதிலாக வரும். இரண்டாவதற்கு உண்மை வரும்: ஊசி முனை மழுங்கிவிட்டது, கட்டிங்கில் ஓரம் ஒத்து வரவில்லை, உதவிக்கு இருக்கும் கைமடி இன்றைக்கு லீவு.

3. நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் மெஷின் தானாக நின்று விளக்கு எரியும். அப்படித் தானாக நிற்கும் தறிகளைச் செய்தவர் ஜப்பானின் சகிச்சி டொயோடா. 1924-இல் வந்த அவருடைய ஜி வகைத் தறி உலகப் புகழ் பெற்றது. அந்தக் குடும்பம் பின்னால் தொடங்கிய டொயோட்டா கார் தொழிற்சாலையில், கோளாறைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தலாம். நம் லைனில் ஒரு பெண் கையைத் தூக்கி "அண்ணா, தையல் விடுது" என்றால், நல்லது என்று சொல்லி மெஷினை நிறுத்துங்கள். அவர் பயந்து வாயை மூடிக்கொண்டால், அதே குறை பேக்கிங் மேசையில் பெட்டி பெட்டியாக உங்கள் முன் வந்து நிற்கும்.

4. ஷிப்மென்ட் நெருக்கடி வரத்தான் செய்யும். ஒன்றரை ஷிப்ட் வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லுங்கள். சாயங்காலம் பஸ் ஏறப் போகிறவரை வாசலில் மறிக்காதீர்கள். பல்லடத்தில் ஒரு குழந்தை பள்ளி விட்டு வந்து காத்திருக்கும். மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம். அதைக் கணக்கில் எழுதுவது உங்கள் கையில் இருக்கிறது, எழுதுங்கள். தொடர்ந்து விடிய விடிய ஓட்டினால் மூன்றாம் நாள் ரிஜெக்‌ஷனில் அத்தனையும் போய்விடும்.

5. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களை "ஏய், இந்திக்காரா" என்று கூப்பிடாதீர்கள். பெயர் இருக்கிறது.

6. இரக்கத்துக்கும் கண்டும் காணாமல் இருப்பதற்கும் வேறுபாடு உண்டு. வேண்டுமென்றே வேலையைத் தள்ளிப் போடுகிறவரும் இருப்பார். அவரைத் தனியே அழைத்து, ஒரு வாரத்து மணிக்கணக்குச் சீட்டை முன்னால் வைத்துப் பேசுங்கள். உடம்பு சரியில்லையா, வீட்டில் கடன் தொல்லையா, வேலையே தெரியவில்லையா என்று முதலில் விசாரியுங்கள். கற்றுக்கொடுத்து, அவகாசமும் கொடுத்த பிறகும் மாறாவிட்டால் லைனை விட்டு மாற்றுங்கள். இதைச் செய்யத் தயங்கும்போது, அவர் பங்கையும் சேர்த்துத் தைக்கிற பக்கத்து மெஷின்காரருக்கு அநியாயம் செய்கிறீர்கள். அந்த அநியாயத்தை லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

7. மேலே பேசுவதுதான் கடினம், அதுதான் உங்கள் வேலையின் பெரும்பகுதி. மெர்ச்சண்டைசர் ஒரு தேதி சொல்வார், முதலாளி தலையாட்டுவார். முடியாது என்று வெறுமனே சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். மணிக்கு இத்தனை, நாளைக்கு இத்தனை, துணி வந்து சேரும் நாள் இது என்று ஒரு தாளில் எழுதி, ஆர்டர் ஒப்புக்கொள்ளும் முன்பே மேசையில் வையுங்கள். தேதியைத் தள்ளுவதா, பாதியை ஜாப் வொர்க்குக்குக் கொடுப்பதா, இன்னொரு லைன் போடுவதா என்று அவர்கள் முடிவெடுக்கட்டும். என்ன முடிவானது என்பதை அன்றைக்கே லைனுக்கு வந்து சொல்லிவிடுங்கள்.